நம்பரை அழிக்காதீர்கள்!

நாமக்கல் லாரிப் பட்டறைக்காரர்களைக் கேளுங்கள். பாடி நொறுங்கி, பெயிண்ட் உரிந்து கிடந்தாலும் அது எந்த லாரி என்று சொல்லிவிடுவார்கள். சேசிஸிலும் என்ஜினிலும் அடித்த நம்பர் இருக்கிறதே!

விமானத்துக்கும் அதே கதைதான்.

இரண்டாவது உலக யுத்தத்தில், அஸ்ஸாமுக்கும் சீனாவுக்கும் இடையே மலைகளைத் தாண்டிப் பறந்த அமெரிக்க விமானங்கள் நூற்றுக்கணக்கில் விழுந்தன. அருணாசலப் பிரதேசத்தில் பாசிகாட் என்ற ஊரில் 2023-ல் திறந்த பொருட்காட்சி சாலையில் அவற்றின் துண்டுகள் இருக்கின்றன.

விமானம் காணாமல் போனால், அமெரிக்கப் படையினர் ஓர் அறிக்கை எழுதினார்கள். என்ஜின் நம்பர், இயந்திரத் துப்பாக்கி நம்பர் எல்லாம் அதில் உண்டு. கூடவே, விமானத்தில் இருந்தவர்களின் பெயர்! காட்டில் கிடைத்த துண்டில் உள்ள நம்பரை அதோடு ஒத்துப் பார்க்கலாம்.

'ஹாட் ஆஸ் ஹெல்' என்ற குண்டுவீச்சு விமானம் 25-1-1944 அன்று 8 பேருடன் மறைந்தது. 2006-ல் கண்டுபிடித்தார்கள். எந்த விமானம் என்று தெரிந்ததால், யாருடைய எலும்பைத் தேடுகிறோம் என்பதும் தெரிந்தது. 2017-ல் ஒருவர் அடையாளம் காணப்பட்டார். 73 வருஷம் கழித்துச் சொந்த ஊரில் அடக்கம்!

ஆகவே, பார்வைக்கு வைக்கும் துண்டைச் சுரண்டி, புதுப் பெயிண்ட் அடித்து மினுக்குவது தப்பு. நம்பர் போனால் அது வெறும் ஓட்டை உடைசல். எங்கே கிடைத்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைக்க வேண்டும்.

மலை ஜனங்கள் விமானத் தகட்டை அடித்துப் பாத்திரம் செய்துகொண்டதும் உண்டு. அவர்களைக் குறை சொல்வானேன்? அந்தப் பாத்திரத்தின் அடியிலும் ஒரு நம்பர் இருக்கலாம். கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.