மூச்சுத் தடைப்பட்டுப் பிறந்த பிள்ளைகள்: வசூல் பணம் எங்கே போகிறது?

குன்றத்தூர், அனகாபுத்தூர், பம்மல் பக்கத்துப் பள்ளிவாசல்களுக்கு வரும் மருத்துவ உதவிக் கடிதங்களில் ஒரு வகையை நாம் அடிக்கடி பார்க்கிறோம். பிள்ளை பிறந்ததும் அழவில்லை, மூளைக்கு ஆக்சிஜன் போகவில்லை, மூன்று வயதாகியும் தலை நிற்கவில்லை. ஸ்டெம் செல் சிகிச்சைக்கு, அல்லது அழுத்த அறைக்குள் வைத்து ஆக்சிஜன் கொடுக்கும் சிகிச்சைக்கு இத்தனை லட்சம் தேவை. கூடவே ஏதோ ஒரு தனியார் மையத்தின் மதிப்பீட்டுத் தாள். ஜமாஅத்தும் இரக்கப்பட்டு முத்திரை போட்டுக் கொடுத்துவிடுகிறது. இரக்கத்தில் குறையில்லை. அந்தத் தாளில் உள்ள சிகிச்சை பலன் தருமா என்று கேட்பவர்தான் இல்லை.

அழுத்த அறை ஆக்சிஜனை எடுத்துக்கொள்வோம். ஆக்சிஜன் குறைந்துதானே மூளை பாதித்தது, அதையே கூடுதலாகக் கொடுத்தால் சரியாகிவிடும் என்ற கணக்கு கேட்பதற்கு நியாயமாகத் தெரியும். ஆனால் பிறந்த நேரத்தில் செத்துப்போன மூளைச் செல்கள் மூன்று வருடம் கழித்துக் கொடுக்கும் ஆக்சிஜனால் உயிர் பெறுவதில்லை. கனடாவில் மூளை முடக்குவாதமுள்ள 111 பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கிச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு அழுத்த ஆக்சிஜன், மறு பிரிவுக்கு அழுத்தம் சற்றே கூட்டிய சாதாரணக் காற்று. 2001ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. இரு பிரிவும் ஏறக்குறைய ஒரே அளவு முன்னேறியிருந்தன. காற்று வாங்கிய பிள்ளையின் தாயும் "என் பிள்ளை தேறிவிட்டான்" என்று சொல்லியிருப்பார். அவர் சொன்னது பொய்யுமில்லை. பிள்ளை வளர வளர கொஞ்சம் தேறத்தான் செய்யும். மையங்கள் காட்டும் வீடியோக்களின் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

ஸ்டெம் செல் விஷயம் இன்னும் தெளிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 நெறிமுறைகளின்படி, ரத்த நோய்களுக்கான ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை போன்றவைதான் ஏற்கப்பட்டவை. மற்றவை ஆய்வு நிலையிலேயே உள்ளன. ஆய்வில் சேர்க்கப்படுபவரிடம் அதற்குக் கட்டணம் வாங்குவது நெறிமுறைக்கு விரோதம். ஆகவே லட்சக்கணக்கில் விலை எழுதிய தாள் வந்தால், அந்த விலையே நம்மை உஷார்படுத்த வேண்டும்.

அப்படியானால் மருத்துவம் எதுவுமே இல்லையா? பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கும் ஒன்று இருந்தது. குழந்தையின் உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸுக்கு இறக்கி, 72 மணி நேரம் அப்படியே வைத்திருப்பார்கள். 2005ல் அமெரிக்காவில் டாக்டர் சீதா சங்கரன் தலைமையில் 208 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், மரணமோ, நடுத்தர அல்லது கடுமையான குறைபாடோ 62 சதவீதத்திலிருந்து 44 சதவீதமாகக் குறைந்தது. பணக்கார நாடுகளில் இது வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. நம் வேலூர் சிஎம்சியின் துணையோடு குறைந்த செலவில் குளிர்விக்கும் தொட்டிலும் உருவானது.

பிறகு வந்ததுதான் 'ஹீலிக்ஸ்' ஆய்வு. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளில் 408 குழந்தைகள்; நம் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும் எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையும் அதில் பங்கேற்றன. 2021ல் முடிவு வெளியானபோது பலருக்கும் அதிர்ச்சி. குளிர்வித்த குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள். குளிர்விக்காதவர்களில் 31 சதவீதம். மரணத்தையும் குறைபாட்டையும் சேர்த்துப் பார்த்தாலும் பலன் இல்லை. ஏழை, நடுத்தர வருமான நாடுகளில், நல்ல தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்தாலும் இதைக் கொடுக்க வேண்டாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். இதை ஏற்காத குழந்தை மருத்துவர்களும் இருக்கிறார்கள், விவாதம் நடக்கிறது.

காரணம்தான் நாம் கவனிக்க வேண்டியது. அங்கே பல குழந்தைகளுக்குப் பாதிப்பு திடீரென்று, பிரசவத்தின் கடைசி நேரத்தில் வருகிறது. இங்கே பிரசவ வலியின்போதே மணிக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக ஆக்சிஜன் குறைந்திருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குழந்தை வெளியே வரும்போது ஆறு மணி நேரக் கெடு முன்பே முடிந்துபோயிருக்கும். ஆகவே உண்மையான சிகிச்சை பிரசவ அறையில்தான் இருக்கிறது: வலி நேரத்தில் குழந்தையின் இதயத்துடிப்பை இடைவிடாமல் கணக்கெடுப்பது, வலியைக் கூட்டும் ஊசியை அளவறிந்து போடுவது, மூச்சுவிடாத குழந்தைக்கு முதல் நிமிடத்திலேயே பையும் முகமூடியும் வைத்துக் காற்று கொடுப்பது. இந்தக் கடைசிப் பயிற்சிக்காகவே மத்திய அரசு 2009ல் தனித்திட்டம் கொண்டுவந்தது. பிரசவத்துக்கு மருத்துவமனை தேடும்போது ஏசி அறை இருக்கிறதா, லேடி டாக்டர் இருக்கிறாரா என்றெல்லாம் நம் வீடுகளில் விசாரிக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்குக் குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கத் தெரிந்தவர் இருப்பாரா என்பதையும் சேர்த்துக் கேட்கலாம்.

பாதிப்பு நேர்ந்துவிட்ட பிள்ளைக்கு வேண்டியது சீக்கிரம் தொடங்கும் பயிற்சி. "இவன் வாப்பாவும் லேட்டாத்தான் நடந்தார்" என்று நன்னி சொல்வதைக் கேட்டு இரண்டு வருடம் காத்திருப்பது பெரிய இழப்பு. தேர்ந்தவர் பார்த்தால் ஆறு மாதத்துக்குள்ளேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். பிட்ஸ் மருந்தைத் தவறவிடாமல் கொடுப்பது, கண்ணும் காதும் சோதிப்பது, விழுங்கப் பழக்குவது, பிசியோதெரபி. இவற்றை வீட்டில் தாய் தினமும் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும். ஓதிப் பார்ப்பதை யாரும் தடுக்கவில்லை. மருந்தை நிறுத்திவிட்டு ஓதிப் பார்க்கச் சொல்பவரிடம் மட்டும் போகாதீர்கள்.

இதற்கான இடங்கள் நமக்குத் தூரமில்லை. 2013ல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் சுவஸ்த்ய திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் உள்ளன. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான மத்திய அரசு தேசிய நிறுவனம் இருக்கிறது. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் 1985லிருந்து இந்தப் பிள்ளைகளுக்காகவே இயங்குகிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மூளை முடக்குவாதமும் ஒன்று. யுடிஐடி அட்டை எடுத்தால் உதவித்தொகைக்கும், நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கும் வழி பிறக்கும்.

ஏழைக் குடும்பத்துக்கு ஜகாத் தாராளமாகக் கொடுக்கலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரே தடவையில் லட்சங்களை ஒரு மையத்துக்குக் கட்டுவதைவிட, அந்தக் குடும்பத்துக்கு மாதந்தோறும் கொஞ்சம் கொடுக்கலாம். குன்றத்தூரிலிருந்து முட்டுக்காட்டுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் போய்வர முடியாது. பயிற்சி நின்றுபோவதற்குப் பல வீடுகளில் காரணம் ஆட்டோக் கூலிதான். அடுத்த கடிதம் வரும்போது, முத்திரை போடும் முன் நிர்வாகம் அந்தத் தாளை அரசு மருத்துவமனையின் குழந்தை நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் காட்டட்டும். ஒரு நாள் தாமதமாகும், அவ்வளவுதான்.