பிரித்தானியா கேட்கும் சீதனம்

பிரித்தானியப் பிரஜை ஒருவர் தம் மனைவியையோ கணவனையோ தம்மோடு வாழ அழைப்பது அவருடைய உரிமையா, அன்றிக் காசு கொடுத்து வாங்கும் சலுகையா? விவாகப் பதிவு முடிந்தும் குடும்ப வாழ்வு தொடங்காது யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் காத்திருக்கும் நம் பிள்ளைகளின் கதி இக்கேள்விக்கான விடையிலேயே தங்கியிருக்கிறது. குடும்ப வாழ்வு மதிக்கப்பட வேண்டும் என்று அந்நாட்டின் 1998 ஆம் ஆண்டு மனித உரிமைச் சட்டம் சொல்லுகிறது. முதலில் பணத்தைக் காட்டு என்று அதே நாட்டின் விசா விதிகள் சொல்லுகின்றன.

விதி யாது? வெளிநாட்டு வாழ்க்கைத்துணையை அழைக்கும் பிரஜை ஆண்டொன்றுக்கு 18,600 ஸ்டேர்லிங் பவுணாவது உழைக்க வேண்டும் என்று 2012 யூலை 9 இல் விதித்தார்கள். 2024 ஏப்ரில் 11 இல் அத்தொகையை 29,000 ஆக உயர்த்தினார்கள். உடற்குறை காரணமாகச் சில கொடுப்பனவுகள் பெறுவோருக்கு விலக்கு உண்டு. ஏனையோர் ஆறு மாதச் சம்பளச் சிட்டைகளையும் வங்கிக் கணக்கையும் சாட்சிக்கு நிறுத்த வேண்டும். இங்கிருந்து விண்ணப்பிக்கும் மனைவி வைத்தியராயினும் பொறியியலாளராயினும், அவர் இலங்கையில் பெறும் சம்பளம் பொதுவாகக் கணக்கில் எடுக்கப்படுவதில்லை.

இதன் பொருளைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 ஏப்ரிலில் அந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மணிக்கு 11.44 பவுண். வாரம் 40 மணி வீதம், ஒரு நாளேனும் வேதனமின்றி நில்லாமல், 52 வாரமும் வேலை செய்பவர் பெறுவது ஏறக்குறைய 23,795 பவுண். கடையில் நிற்பவரும் முதியோர் இல்லத்தில் நோயாளியைத் தூக்கி இருத்துபவரும் இந்தத் தொகையோடு 29,000 என்ற வாசலுக்குப் போனால் அவர்களுக்குக் கதவு திறவாது. இந்தச் சம்பளம் நீதியானது என்று நிர்ணயித்ததும் அரசாங்கம். இதை வாங்குபவன் மனைவியோடு வாழத் தகுதியற்றவன் என்று தீர்த்ததும் அதே அரசாங்கம்!

சம்பளம் போதாதவருக்கு வேறு வழி இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. வருமானம் எதுவும் காட்டாதவர் 88,500 பவுண் சேமிப்பை ஆறு மாதம் கையில் வைத்திருந்து காட்டலாம். பவுண் ஒன்றுக்கு 400 ரூபா என்று வைத்துக்கொண்டால் இது 3 கோடி 54 லட்சம் ரூபா. கடன் வாங்கிய பணம் செல்லாது; அன்பளிப்புச் செல்லும். அன்பளிப்பு எங்கிருந்து வரும்? வெண்காயமும் புகையிலையும் விளைந்த செம்மண் தோட்டத்திலிருந்து வரும். பாட்டன் கிணறு வெட்டிய காணியைப் பரப்புக் கணக்கில் விற்றால் வரும். விண்ணப்பக் கட்டணம் இதற்குப் புறம்பு. அது 2025 ஏப்ரிலில் 1,938 பவுணாயிற்று. ஆண்டுக்கு 1,035 பவுண் வீதம் மூன்றாண்டுச் சுகாதார வரி 3,105 பவுண். முதல் விசாவுக்கே 5,043 பவுண்! அந்த விசா முடியுமுன் மீண்டும் விண்ணப்பம், மீண்டும் கட்டணம்.

வருகிறவர் பொதுப்பணத்துக்குப் பாரமாகக் கூடாதே என்பது அவர்கள் கூறும் நியாயம். இந்த நியாயம் அவர்களுடைய விதிகளாலேயே அடிபட்டுப் போகிறது. வாழ்க்கைத்துணை விசாவில் வருபவர் பொதுநிதிக் கொடுப்பனவுகளைப் பெறலாகாது என்ற நிபந்தனை விசாவோடு கூடவே வருகிறது. வைத்தியச் செலவுக்கு முன்பணமும் வாங்கியாயிற்று. பிறகு எந்தப் பாரம்? அன்றியும், 29,000 என்ற எண் குடும்பச் செலவை அளந்து பெற்றதன்று. வெளிநாட்டுத் தேர்ச்சித் தொழிலாளரை வரவழைக்கும் விசாவுக்குரிய தொழில்களின் சம்பள அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டது. மனைவியை அழைக்கும் கணவனை, ஆள் பிடிக்கும் முதலாளிக்குரிய முழக்கோலால் அளந்தார்கள். இவ்விரண்டின் நோக்கங்களும் வெவ்வேறானவை என்பதை அரசாங்கத்தின் சொந்தக் குடிவரவு ஆலோசனைக் குழுவே 2025 யூனில் எடுத்துரைத்தது.

முன்னரும் இப்படித்தானா? இல்லை. குடிவரவைக் கட்டுப்படுத்த எழுந்த 1962 ஆம் ஆண்டுச் சட்டங்கூட, அங்கே வசித்த பொதுநலநாட்டுப் பிரஜையின் மனைவி நாட்டினுள் வருவதைத் தடுக்கவில்லை. அன்று இலங்கையிலிருந்து சென்ற எழுதுவினைஞரின் மனைவியும் அந்த உரிமையோடுதான் கப்பலேறினார். 1980 இல் புதியதொரு விதி முளைத்தது: வெளிநாட்டுக் கணவன், தன் விவாகத்தின் முதன்மை நோக்கம் அந்நாட்டிற் குடியேறுவதன்று என்று நிரூபிக்க வேண்டும். இல்லாத ஒன்றை இல்லையென்று நிரூபிக்கச் சொல்வது எந்த நீதி? 1997 இல்தான் அவ்விதி ஒழிந்தது. இடையில், மனைவியரை அனுமதித்துக் கணவன்மாரைத் தடுப்பது பால் வேற்றுமை என்று 1985 மே 28 இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்கம் சமத்துவத்தை எவ்வாறு நிலைநாட்டியது தெரியுமா? கணவன்மாருக்கு வழி திறக்கவில்லை. மனைவியருக்கும் அதே தடையைப் போட்டது! பழைய குடிகளின் மனைவி மக்களுக்கு எஞ்சியிருந்த பாதுகாப்பையும் 1988 ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று.

வருமான விதியும் நீதிமன்றம் ஏறியது. 2013 இல் மேல் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அது அளவுக்கு மிஞ்சியது என்றார். 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. 2017 பெப்ரவரி 22 இல் அந்நாட்டின் உயர் நீதிமன்றம், வருமான எல்லை கொள்கையளவிற் சட்டத்துக்கு அமைவானதே என்றது. ஆயினும் பிள்ளைகளின் நலனை விதிகள் உரியவாறு கவனிக்கவில்லை என்றும், பிற வருமான வழிகளை நோக்க மறுப்பது தவறென்றும் கண்டது. ஆகவே விதிவிலக்கான நிலைமைகளில் வாதாட இடமுண்டு. ஆனால் விதி விழவில்லை. நீதிமன்றம் விழுத்தாத விதியைப் பாராளுமன்றமே விழுத்த வேண்டும்.

தமிழ் மக்களுக்கு இந்த வாசகங்கள் புதியனவா? 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். உறுதியான வருமானத்தை அல்லது தக்க பிழைப்பைக் காட்டு, மனைவி இந்நாட்டில் இடைவிடாது வசித்ததைக் காட்டு என்றுதானே மலையகத் தொழிலாளியையும் கேட்டார்கள்? பத்திரத்தைக் கேட்டே உரிமையை மறுக்கும் தந்திரத்தை நாம் ஒருமுறை கண்டவர்கள்.

சீதனம் வாங்கும் சமூகத்துக்கு இதைக் கண்டிக்க என்ன யோக்கியதை என்று ஒருவர் கேட்கலாம். கேட்கட்டும். மாப்பிள்ளை வீட்டார் விலை பேசுவதும் கொடுமையே, அதையும் ஒழிப்போம். ஆனால் 1707 இல் ஒல்லாந்தர் எழுதுவித்த தேசவழமையிலேயே சீதனம் பெண்ணின் சொத்து. பிரித்தானியா வாங்கும் சீதனமோ திறைசேரிக்குப் போகிறது. பெண்ணுக்குத் திரும்பி வருவதில்லை.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? ஹரோவிலும் ஈஸ்ட்ஹாமிலும் டூட்டிங்கிலும் வாழும் நம் உறவினரே, உங்களிடம் அந்நாட்டின் வாக்குச்சீட்டு இருக்கிறது. வாக்குக் கேட்டு வருபவரிடம் மூன்று கோரிக்கைகளை வையுங்கள்: எல்லை குறைந்தபட்சச் சம்பளத்துக்கு மேற்செல்லலாகாது; வருகிற துணையின் உழைப்பாற்றலும் கணக்கிற் சேரவேண்டும்; கட்டணம் வேலைச் செலவை மிஞ்சலாகாது. இவற்றுக்கு விடை எழுத்திற் பெறுங்கள். 2023 டிசம்பரில் அறிவித்த 38,700 என்ற எல்லையை அவர்கள் முழுதாக நடைமுறைப்படுத்தாது நிறுத்தியது எதிர்ப்பு எழுந்தபடியால் என்பதை மறவாதீர்கள்.

இங்குள்ள பெற்றோரே, காணியை விற்குமுன் சட்டம் அறிந்தவரிடம் பத்திரங்களைக் காட்டுங்கள். பொய்ச் சிட்டை செய்து தருவோம் என்னும் தரகரை வாசலில் ஏற்றாதீர்கள். உண்மையான விவாகத்தையும் பொய்ப் பத்திரம் ஒன்று பொய்யாக்கிவிடும். கணவனும் மனைவியும் ஒரு கூரையின் கீழ் வாழ்வதற்கு ஏழைக்கும் செல்வனுக்கும் ஒரே உரிமைதான் உண்டு. அவ்வுரிமையைச் சம்பளச் சிட்டையால் அளக்கும் விதி நீங்கும்வரை நம் குரல் ஓயலாகாது.