ஆங்கிலத்தில் எழுதப்பட்ட சுவாகிலி

மொழியியல் பயின்றோருக்கு இது கசப்பான வேடிக்கை. அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் சுவாகிலி மொழியின் மூன்றாம் நிலைப் பாடத்தைச் சில மாணவர்கள் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதியே முடித்தனர். 1993 முதல் 2011 வரை அங்கு நிலவிய 'காகித வகுப்பு'களில் இதுவும் ஒன்று. வகுப்பு கூடாது, பாடம் நடக்காது, பேராசிரியரல்லாத துறை அலுவலர் ஒருவரே நெடுங்காலம் மதிப்பெண் இட்டுவந்தார். கென்னத் வெய்ன்ஸ்டைனின் 2014 அறிக்கைப்படி 3,100க்கும் மேற்பட்டோர் இவற்றில் 'பயின்றனர்'. சேர்க்கைகளில் ஏறத்தாழப் பாதி விளையாட்டு வீரர்களுடையவை.

அந்த அலுவலர் 2009இல் ஓய்வுபெற்றார். அவ்வாண்டின் இலையுதிர்ப் பருவத்தில் கால்பந்து அணியின் (நம் கால்பந்து அன்று, அமெரிக்கக் கால்பந்து) சராசரி மதிப்பெண் பத்தாண்டுகளில் காணாத அளவுக்குச் சரிந்தது. வகுப்புக்கே போகவேண்டாத பாடங்கள் இனி இல்லை என்று கல்வி ஆலோசகர்கள் பயிற்சியாளர்களுக்குப் படவில்லை போட்டுக் காட்டியதும் அறிக்கையில் உள்ளது. ஓர் அணியின் கல்வித்தரம் எதன்மீது நின்றது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 2017இல் தண்டனை எதுவும் விதிக்கவில்லை. அப்பாடங்கள் எல்லா மாணவர்க்கும் திறந்திருந்தனவாம்!

வீரர்களைக் குறைகூறுவது எளிது. நான் அதற்கு உடன்படேன். 'மாணவ-விளையாட்டாளர்' என்ற தொடரே 1950களில் அச்சங்கம் ஆக்கியது. காயமுற்ற வீரர்கள் ஊழியர்க்கான இழப்பீடு கோரிவிடக் கூடாது என்பதே நோக்கம் என்று அதன் முன்னாள் தலைமை நிர்வாகி வால்டர் பையர்ஸ் பின்னர் எழுதினார். ஒரு கூட்டுச்சொல் ஒரு சட்ட உரிமையைத் தடுத்து நிறுத்தியதற்கு இதைக் காட்டிலும் துலக்கமான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

2025இல் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, ஒரு பல்கலைக்கழகம் தன் வீரர்களுக்கு முதலாண்டில் 2.05 கோடி டாலர் வரை நேரடியாக வழங்கலாம். 85 கால்பந்து உதவித்தொகை என்ற வரம்பு போய், அணியில் 105 பேர் என்ற வரம்பு வந்துள்ளது. அதே வட கரோலினா, பில் பெலிச்சிக்கை ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்குப் பயிற்சியாளராக அமர்த்தியிருக்கிறது. ஊதியம் வந்தது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அந்தப் பழைய தொடர் வழக்கில் நீடிக்கிறது; களமிறங்க மதிப்பெண் தகுதி வேண்டும் என்ற விதியும் நீடிக்கிறது. காகித வகுப்புக்கான தேவையை உண்டாக்குவது அந்த விதியே. ஆடுங்காலத்தில் அவர்களை ஊழியர் என்றே அழைத்து, ஆட்டம் ஓய்ந்தபின் கட்டணமின்றித் திரும்பிவந்து படிக்கும் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதித் தரலாம். அப்போது சுவாகிலி கற்க விரும்புபவர் சுவாகிலியே கற்பார்.