கொடும்பாளூருக்கும் ஒரு விளையாட்டு

அன்னவாசல் பிள்ளைகள் செல்பேசியிலும் கணினியிலும் சாமுராய் வாள் சுழற்றினால் சுழற்றட்டும், தடுக்க வேண்டியதில்லை. 2020-இல் வந்த ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’ என்ற விளையாட்டு, 1274-இல் மங்கோலியப் படை இறங்கிய ஜப்பானியத் தீவின் கதை. நாயகன் ஜின் சகாய் கற்பனை. தீவும் போரும் நிஜம். போகும் திசையை அதில் வீசும் காற்றே காட்டும். சண்டைக்கு நடுவே உட்கார்ந்து ஹைக்கூ எழுதலாம். அந்த நிதானம் என்னை வசப்படுத்திவிட்டது. அதே ஆண்டு புயலில் அத்தீவுக் கோயிலொன்றின் தோரண வாயில் சரிந்தபோது, விளையாடியவர்களும் நிதி தந்தார்கள். கேட்டதைவிடப் பல மடங்கு சேர்ந்தது.

அப்படியொரு களம் நமக்கும் உண்டு: அன்னவாசலுக்கு வடமேற்கே கொடும்பாளூர் இருக்கிறது. சோழருக்குத் தோள்கொடுத்துப் பாண்டியரோடு மோதிய இருக்குவேளிர் ஊர். அவ்வேளிரில் ஒருவனான பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தேவியர் கற்றளி, வரகுணை பெயராலும் எடுத்த மூவர் கோயிலில் இன்று இரண்டு விமானங்களே நிற்கின்றன. இந்த மண்ணை வைத்து யாராவது ஒரு விளையாட்டு செய்ய வேண்டும். அரசும் பணம் போட வேண்டும். நாயகன் சித்தன்னவாசல் தாமரைக்குள ஓவியத்தின் முன் வாளை இறக்கிவைத்து நிற்கட்டும். பின்னணி இசைக்குக் குடுமியான்மலை இசைக் கல்வெட்டிலிருந்தே தொடங்கலாம்.