ஓவர்கிளாக்கிங்: வேகமா, வேக்காடா?

விளாத்திகுளத்தில் சித்திரை மாசம், மத்தியானம் இரண்டு மணி. மின்விசிறிக் காற்றே அனலாக அடிக்கிறது. அந்த நேரத்தில் ஒரு கல்லூரி மாணவன் தன் லேப்டாப்பில் எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரைத் திறந்து, கோர் கிளாக் பட்டையை வலதுபக்கம் தள்ளுகிறான். ஏனாம்? எங்கோ ஏசி அறையில் உட்கார்ந்து ஒருவர் வீடியோ போட்டிருக்கிறார், "இது இலவச வேகம்" என்று!

இலவசமா? ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு என்று பி.காம். முதல் வருஷமே சொல்லித் தருகிறார்களே. அந்தக் கணக்கையே இங்கேயும் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் வரவு. கிளாக்கை 10 சதவீதம் ஏற்றி, அது முழுசாகவே பலித்தாலும் 60 ஃப்ரேம் 66 ஆகும். 25 ஃப்ரேமில் திணறுகிற கேம் 27-க்கு வந்தும் திணறத்தான் செய்யும். அவ்வளவுதான் லாபம். அதுவும் முழுசாகக் கிடைக்காது. பெரும்பாலான லேப்டாப்களில் கிராபிக்ஸ் சிப் இத்தனை வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று கம்பெனியே பூட்டு போட்டிருக்கும்.

அடுத்து பற்று. சிப் தின்னும் மின்சாரம் கிளாக்கோடு நேராக ஏறும். வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். இரண்டையும் 10 சதவீதம் கூட்டினால் சூடு ஏறக்குறைய 33 சதவீதம் கூடும். பூட்டை உடைக்க வீடியோ பயாஸை மாற்றி எழுதுகிறவர்களும் உண்டு. அது பாதியில் சொதப்பினால் திரையே வராது. டெஸ்க்டாப்பில் கார்டைக் கழற்றி வேறு போடலாம். லேப்டாப்பில் சிப் பெரும்பாலும் மதர்போர்டோடு பற்றவைக்கப்பட்டது. போனால் போர்டே போச்சு!

"அதெல்லாம் பயமுறுத்தல்" என்பவர்கள் 2008-ஐ நினைத்துப் பார்க்கட்டும். ஓவர்கிளாக் எதுவும் செய்யாமலேயே என்விடியாவின் பழைய லேப்டாப் சிப்கள் பல செத்துப்போயின. சிப்பைப் பொதியும் பொருள் பலவீனமானது. சூடாகி ஆறி, சூடாகி ஆறி, இணைப்புகள் விட்டுப்போயின. அதற்காக அந்த ஜூலையில் கம்பெனி ஒதுக்குவதாக அறிவித்த தொகை 15 முதல் 20 கோடி டாலர்.

2015 பிப்ரவரியில் இதே என்விடியா புது டிரைவரில் லேப்டாப் ஓவர்கிளாக்கிங்கை முடக்கியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்தார்கள். அதே மாதம் முடிவதற்குள் திரும்பத் தருவதாகக் கம்பெனி இறங்கி வந்தது. நியாயம்தான். வாங்கினவன் பொருள், அவன் உரிமை. ஆனால் உரிமை இருக்கிறது என்பதற்காக வெயிலில் செருப்பில்லாமல் நடப்பார்களா?

அறை 24 டிகிரியில் இருப்பதற்கும் 38-ல் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட அப்படியே சிப்பின் சூட்டிலும் ஏறும். போதாக்குறைக்குக் கரிசல் புழுதி. மாவு மாதிரி உள்ளே போய் விசிறியையும் ஹீட்சிங்க் இடுக்கையும் அடைத்துவிடும். சூடு எல்லையைத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது, இந்த ஊரில் லேப்டாப் மெதுவாவது கிளாக் போதாமல் அல்ல, மூச்சு முட்டி!

மூச்சு முட்டுகிறவனை இன்னும் வேகமாக ஓடு என்று விரட்டுவதா வைத்தியம்?

புழுதியைத் துடைக்க வேண்டும். காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்ற வேண்டும். மெத்தை மேல் வைக்காமல் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வைக்க வேண்டும். பட்டையைத் தள்ளியே தீரவேண்டும் என்றால், அதே ஆஃப்டர்பர்னரில் அண்டர்வோல்ட் செய்யலாம்: அதே கிளாக், குறைந்த வோல்டேஜ், குறைந்த சூடு. அளவு தப்பினால் கேம் நின்றுபோகும், மறுபடி சரிசெய்துகொள்ளலாம். சிப் வேகாது.

மிளகாய் வத்தல் விற்ற காசில் வீட்டில் வாங்கிக் கொடுத்த லேப்டாப் அது. கேமும் அதில்தான், டேலியும் அதில்தான், செமஸ்டர் புராஜெக்டும் அதில்தான். ஆறு ஃப்ரேமுக்காக அதை அடகு வைப்பதற்குப் பெயர் தைரியம் அல்ல. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்!