கூடாரத்துக்கு முன் கடல்

இராஜாக்கமங்கலம் கடற்கரையில் கூடாரமடித்து ஓரிரவு தங்கலாமென நாம் திட்டமிடும்போதெல்லாம் பேச்சு நிலவையும் சுட்ட மீனையும் சுற்றியே நிற்கிறது. அன்று கடல் எப்படியிருக்கும் என்று கேட்பதில்லை.

அருகே, கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 2024 மே 6 அன்று மருத்துவ மாணவர்கள் ஐவர் அலையில் சிக்கி இறந்தனர். ஐதராபாத்திலுள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்த நேரம் அது. தென்கோடியில், இந்தியப் பெருங்கடலில் எழும் புயல்கள் கிளப்பும் நெடிய அலைகள் பல நாள் பயணித்து, காற்றே இல்லாத தெளிந்த பகலிலும் நம் கரையில் திடீரெனப் பொங்குகின்றன. வானத்தைப் பார்த்து அவற்றை அறிய முடியாது. கள்ளக்கடல் என்ற பெயரே அதனால் வந்ததுதான்.

கரைக்குப் போகவே கூடாது என்பதல்ல எங்கள் கருத்து. பயணத்தேதியை விடுமுறை மட்டும் தீர்மானிக்கலாகாது. அம்மையத்தின் அறிவிப்பும் துறையிலுள்ள மீனவரின் சொல்லும் சேர்ந்து தீர்மானிக்க வேண்டும். அவர்கள் வள்ளம் இறக்காத நாளில் நாம் கால்கூட நனைக்க வேண்டியதில்லை. கூடாரம் மணல்மேட்டுக்கு அப்பால் இருக்கட்டும். ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். அப்போது விளக்கையும் அணைத்துவிடலாம். நிலவு போதும்.

அரசுக்கும் ஒரு சொல்: எச்சரிக்கை அலுவலகக் கோப்பில் தங்கிவிடாமல், கரையில் நிற்பவன் காதுக்கு எட்ட வேண்டும்.