கிளாசிக்கல் கிதார் வாங்கப் போகிறவர்களுக்கு



ஸ்டீல் தந்தி கிதாரில் பத்துப் பதினைந்து வருடம் கை பழகிய பிள்ளைகள் சிலர் நைலான் தந்திக்கு மாறப் பார்க்கிறீர்கள். "நெக் அகலமா இருக்கு சார், ஒல்லி நெக் மாடலே வாங்கிடட்டுமா?" என்று கேட்கிறீர்கள். வேண்டாம் என்பேன்.

முறையான கிளாசிக்கல் கிதாரில் நட்டு அருகே அகலம் 52 மி.மீ. உங்கள் பழைய கிதாரில் 43 சொச்சம்தான். அந்த ஒன்பது மி.மீ. சும்மா வைத்ததில்லை. பிக் இல்லாமல் நான்கு விரல்களும் தனித்தனித் தந்தியை மீட்ட வேண்டுமே! நைலான் தந்தி அதிகமாக அலையும், அதற்கும் இடம் வேண்டும். இளையராஜா திரினிட்டி கல்லூரித் தேர்வுக்குப் பயின்றதும் கிளாசிக்கல் கிதார்தான். கடையில் பத்து நிமிடம் தடவிவிட்டு 'கைக்கு வரல' என்று வைத்துவிடாதீர்கள். இடது கட்டைவிரலை நெக்குக்கு மேலே வளைக்காமல் பின்பக்கம் நடுவில் வைத்துப் பாருங்கள். ஓய்வுக்குப் பிறகு நானும் அப்படித்தான் வாசிக்கிறேன்.

மேடையில் பாடிக்கொண்டே கார்டு மட்டும் போடுகிறவர்களுக்கு ஒல்லி நெக் சரி, அவர்களோடு எனக்குச் சண்டையில்லை. மற்றவர்கள் பிக்கப்புக்குக் கொடுக்கும் காசை மேல்பலகைக்குக் கொடுங்கள். ஒட்டுப்பலகை வேண்டாம், முழு மரமாக ஸ்ப்ரூஸோ சிடாரோ பாருங்கள்.

வீட்டில் மிச்சம் கிடக்கும் ஸ்டீல் தந்தியை மட்டும் இதில் மாட்டிவிடாதீர்கள். இழுவை தாங்காமல் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

ஆன்லைனில் வாங்காதீர்கள். காரிமங்கலத்திலிருந்து பெங்களூருக்குப் பஸ் இருக்கிறது, ஒருநாள் போய் வாசித்துப் பார்த்து வாங்குங்கள்.